கசற்றில் வந்த மனிதரும் கதவால் வந்த மனிதரும்

1

போன கிழமை எங்களுடைய கல்யாண நாள். எனக்கு அடியோடு மறந்துபோய்விட்டது. இவருக்கு நினைவிருந்ததோ தெரியாது, இருந்தாலும் சொல்லப் பேச்சு இல்லை. பாரிசவாதம் வந்ததிலிருந்து இவருடைய வாயிலிருந்து வருவது ஒரேயொரு முனகல்தான். நகரசபையிலிருந்து வீட்டுக்கு வரும் தாதிப் பெண்தான் எங்கள் விபரங்களில் அந்தத் திகதியைக் கண்டுபிடித்து, ஒரு சின்னக் கேக்கோடு வாசலில் வந்து நின்றாள். நோர்வே ஆட்களுக்கு இப்படியான நாட்கள் என்றால் உயிர்.

மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு அவள் என்னிடம் கேட்டாள், உன்னுடைய கணவர் உனக்குச் சொன்னதில் உனக்கு ஆகப் பிடித்தது எது என்று. நான் கேக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுவதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தித் திரும்பவும் கேட்டாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. இந்த நாட்டு மொழியோடு அரைவாசி ஆயுளை மல்லுக்கட்டின எனக்கு இது விளங்காதா? விளங்கினதால்தான் பேச்சு வரவில்லை. என்னுடைய மனதில் வந்த வசனம் எல்லாம் ஒரு பழைய கசற்றில் இருந்தவை. முகம் ஒரு பக்கம் இழுபட்டுக் கதிரையில் இருக்கிற இந்த மனிதர் இத்தனை வருஷம் என்னோடு கதைத்ததில் ஒன்றுகூட வரவில்லை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு வெளிநாட்டுக் குடும்பம் என்றால் பனியும் காரும் கடனும்தான் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் அதெல்லாமும் இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. அதைச் சொன்னால் பயப்படுவீர்கள் என்று இவ்வளவு நாளும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

2

எங்கள் மகள் அபிராமி தவழுகிற வயதில் இவர் ஏஜென்சிக்காரனோடு நோர்வேக்கு வெளிக்கிட்டார். என்னையும் பிள்ளையையும் யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டிவந்து வெள்ளவத்தையில் விட்டுவிட்டுப் போனார். கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் மேல்வீட்டு அறை. கீழ்வீட்டில் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து குடியிருந்த ஸ்டெல்லா அக்காவும் துறைமுகத்தில் வேலை பார்த்த அவருடைய புருஷனும். பொலிஸில் பதிந்த எங்கள் வீட்டுப் பெயர்கள் இரண்டு, இரண்டும் பெண். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் கொழும்பில் பதிவில் இல்லாத ஒரு ஆம்பிளை ஒரு தமிழ் வீட்டில் நின்றால் அந்த வீட்டின் கதை முடிந்தது.

அபி மூன்று வயதாகியும் ஒரு சொல் சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்பாது. கண்ணைப் பார்க்காது. ரயில் போனால் தலையைச் சுவரில் மோதிக் கத்தும், வெள்ளவத்தையில் ரயில் எத்தனை தரம் போகும் என்று உங்களுக்குத் தெரியுந்தானே. நான் பட்ட பாடு நாய் படாது.

அப்போதுதான் நோர்வேயிலிருந்து வந்த ஒருவரிடம் இவர் ஒரு கசற் குடுத்து அனுப்பினார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். டெலிபோன் எடுக்கக் காசு வேண்டும். கடிதத்தில் குரல் வராது. கசற்றில் கதைத்து, போகிற வருகிற ஆளிடம் குடுத்துவிடுவார்கள்.

"ஹலோ... ஹலோ... கேக்குதோ?" என்று தொடங்கி ஒரு இருமல். பிறகு, "நான் சுகமா இருக்கிறன். இஞ்ச சரியான குளிர். அபிக்குட்டி, அப்பா கதைக்கிறன். அம்மாவுக்குக் கரைச்சல் குடுக்காதேங்கோ. மனோ, நீ ஒண்டுக்கும் யோசிக்காத. வாற வருஷம் எப்பிடியும் கூப்பிடுவன்." கடைசியில், "சரி, வைக்கிறன். வைக்கிறதெண்டு என்ன, இது போன் இல்லையே," என்று ஒரு சின்னச் சிரிப்பு.

அந்தக் கசற்றைப் போட்ட நேரம் அபி கத்தலை நிற்பாட்டினாள். அதன் பிறகு நான் வேறு என்ன செய்வேன்? காலையில் போட்டேன், சமைக்கும்போது போட்டேன், ரயில் வருகிற நேரம் பார்த்துப் போட்டேன். நாடா தேயும்வரைக்கும் போட்டேன்.

ஒருநாள் நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். அறைக்குள்ளிருந்து, "ஹலோ... ஹலோ... கேக்குதோ?" என்று கேட்டது. கரண்ட் இல்லை. ரேப் ரெக்கோடர் என்னுடைய காலடியில் கிடந்தது.

போய்ப் பார்த்தேன். அபி சுவரைப் பார்த்தபடி, நாடியை நெஞ்சில் முட்டவைத்துக்கொண்டு, தொண்டைக்குள்ளிருந்து கதைத்தாள். இருமல் வருகிற இடத்தில் இருமினாள். மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டாள். என்னைப் பார்க்காமலே, "மனோ, நீ ஒண்டுக்கும் யோசிக்காத," என்றாள். கடைசியில் அந்தச் சிரிப்பையும் சிரித்தாள். பிறந்ததிலிருந்து எதற்கும் சிரிக்காத பிள்ளை.

3

டொக்டர் ஒருவர் பார்த்துவிட்டு ஓட்டிசம் என்றார். அதற்கு முன்பு நான் கேள்விப்படாத சொல். அபி சொல்லுவது கதை அல்ல, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுகிறாள், சில பிள்ளைகள் இப்படிச் செய்வார்கள் என்று ஆறுதலாகத்தான் விளங்கப்படுத்தினார். அபியின் குரலைப் பதிந்து இவருக்கு முன்பே ஒரு கசற் அனுப்பியிருந்தேன். டொக்டர் சொன்னதைச் சொல்லக் காலி வீதியில் ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போய் இவருக்குப் போன் எடுத்தேன்.

"கதைக்கிற பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்று இவர் அங்கிருந்து கத்தினார். "நீ அனுப்பின கசற்றில வடிவாக் கதைக்கிறாளே! எங்கட பரம்பரையில அப்பிடி ஒண்டும் இல்லை."

"அவள் கதைக்கேல்லையப்பா. உங்கட கசற்றைத்தான் சொல்லுறாள்."

"உனக்குத் தனிய இருந்து மண்டை பிழைச்சுப் போச்சு."

அதுதான் எங்களுடைய முதல் சண்டை. போன் பெட்டிக்குள் நின்று நான் அழ, வெளியில் வரிசையில் நின்ற சனம் என்னையே பார்த்தது. வீட்டுக்கு வந்தால் அதே வாய், அதே இழுவையோடு, "நான் சுகமா இருக்கிறன்," என்கிறது. யாரோடு கோபிப்பது?

ஸ்டெல்லா அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை எங்களைக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் சைவக்காரிதான். ஆனால் அந்தக் கோயிலுக்குப் போகாத கொழும்புத் தமிழர் ஆர்? சனம் எல்லாம் முழங்காலில் நின்று கண்ணை மூடி அமைதியாக இருந்த நேரம், அபி சொரூபத்தைப் பார்த்துத் தடித்த குரலில், "ஹலோ... ஹலோ... கேக்குதோ?" என்றாள். முன்வரிசை முழுக்கத் திரும்பியது. ஒரு கிழவி சிலுவைக்குறி போட்டாள்.

"சும்மா இரு மனோ, அழாத," என்றார் ஸ்டெல்லா அக்கா. "நாங்க எல்லாருமே அதத்தானே கேக்க வந்திருக்கோம். புள்ள வாய் விட்டுக் கேட்டிருச்சு."

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில், நகருக்குள் எங்கேயோ குண்டு வெடித்த மறுநாள், எங்கள் ஒழுங்கையை ஆமிக்காரர் சுற்றி வளைத்தார்கள். பின்னேரம், வெளிச்சம் இன்னும் இருந்தது. படியால் சப்பாத்துச் சத்தம் ஏறி வந்து எங்கள் கதவுக்கு வெளியே நின்றது. அந்த நேரம் பார்த்து அபி தொடங்கினாள்.

நான் கதவைத் திறக்கமுன்னமே வெளியிலிருந்து, "அத்துலே கவுத இன்னே?" என்று சிங்களத்தில் ஒரு அதட்டல். உள்ளே ஆர் என்று கேட்கிறான்.

"தருவா விதரய் மஹத்தயா," என்றேன். பிள்ளை மட்டும்தான் ஐயா.

"பிரிமி கெனெக்!" என்றான். ஆம்பிளை ஒருத்தன் இருக்கிறான் என்று. துவக்கை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தான். மீசை அரும்பின இளம் பெடியன்தான். கட்டிலுக்குக் கீழே பார்த்தான். அலுமாரியைத் திறந்தான். பொலிஸ் பதிவில் இரண்டு பெண்களின் பெயர். அறைக்குள் ஆம்பிளையின் பேச்சு. என்னைப் பிடித்துக்கொண்டு போனால் இந்தப் பிள்ளை என்ன ஆகும் என்பதைத் தவிர எனக்கு ஒரு நினைப்பும் வரவில்லை.

அபி மூலையில் சுவரைப் பார்த்தபடி, "வாற வருஷம் எப்பிடியும் கூப்பிடுவன்," என்றாள். பிறகு சிரித்தாள்.

அவன் அவளைப் பார்த்தான். தமிழ் விளங்கியிருக்காது. துவக்கிலிருந்து ஒரு கையை எடுத்து, மற்றக் கையில் பிக்குமார் காவலுக்குக் கட்டிவிட்ட பிரித் நூலை மெதுவாகத் தொட்டுப் பார்த்தான். அடையாள அட்டையைக்கூடக் கேட்கவில்லை. பின்பக்கமாகவே நடந்து வெளியே போனான். அன்று எனக்கு அவனில் இருந்த பயத்தைவிட அவனுக்கு என்னுடைய பிள்ளையில் இருந்த பயம் கூட. அதை நினைத்து நான் சந்தோஷப்படவா, நெஞ்சில் அடித்து அழவா என்று தெரியாமல் நிலத்தில் இருந்துவிட்டேன்.

4

வாற வருஷம், வாற வருஷம் என்று பல வருஷம் போய்த்தான் இவர் எங்களைக் கூட்டிப்போக வந்தார். எந்த நாள் என்று சொல்லவில்லை. விமான நிலையத்திலிருந்து நேரே வான் பிடித்து வந்து, பெட்டிகளோடு படியேறி இருக்கிறார். மேலே கதவடியில் வந்தவர் தட்டவில்லை. இறங்கி வந்து நடுப்படியில் குந்திவிட்டார். ஸ்டெல்லா அக்காதான் கண்டார்.

"என்னா தம்பி, இங்க உக்காந்துட்டீங்க? மேல போங்க."

"மேல ஆர் நிக்கினம்?" என்று கேட்டாராம் இவர்.

"மனோவும் புள்ளயும்தான்."

"ஆம்பிளைக் குரல் கேக்குது."

ஸ்டெல்லா அக்கா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் இவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்தார். கதவைத் திறந்தபோது அபி பாதியில் இருந்தாள். இவர் பெட்டியை வைக்காமல் நின்று, தான் பேசியதைத் தானே கடைசிவரைக்கும் கேட்டார். முடிந்ததும், "அபிக்குட்டி," என்றார். அபி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டாள்.

மனிதர் தடித்திருந்தார், முன்மயிர் கொட்டியிருந்தது, குளிரில் வேலை செய்து குரல் கரகரத்திருந்தது. கசற்றிலிருந்த மனிதருடைய குரலில் ஒரு இளமை இருந்தது. அபிக்கு அவர்தான் அப்பா. இந்த ஆள் அந்தக் குரலைப் பிழையாகப் பேசுகிற அந்நியர். இவர் வாய் திறந்தால் கத்தினாள். கசற்றை எழுத்துக்கெழுத்துச் சொன்னால் மட்டும் பொத்தின கையை எடுத்தாள்.

தூதரகத்து நேர்காணலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். மொழிபெயர்க்கக் கொட்டாஞ்சேனைத் தமிழர் ஒருவர். பிள்ளை தகப்பனிடம் போகவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை, அவர் கதைத்தால் காதைப் பொத்துகிறது. அந்தப் பெண் பேனையை மேசையில் வைத்துவிட்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவள் உங்களுடைய பிள்ளைதானா என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. அந்த விசா இல்லாவிட்டால் திரும்பவும் அந்த அறை, அந்தப் படி, அந்தச் சப்பாத்து.

இவர் எழும்பிப் போய் அபிக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். நாடியை நெஞ்சில் முட்டவைத்தார். "ஹலோ... ஹலோ... கேக்குதோ?" என்றார். இருமினார்.

"நான் சுகமா இருக்கிறன்," என்றாள் அபி.

"இஞ்ச சரியான குளிர்," என்றார் இவர்.

கொழும்பு வெயிலில் அந்த இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் தன்னுடைய கடமையை விடாமல் இங்கிலிசில் ஒப்புவித்துக்கொண்டிருந்தார். பிள்ளை சொல்கிறது, அடுத்த வருஷம் உங்களைக் கட்டாயம் கூப்பிடுகிறதாம் என்றார். ஆரை, எங்கே கூப்பிடுகிறது என்று அந்தப் பெண் கேட்டாள். அவர் அதே வசனத்தைத் திரும்பவும் இங்கிலிசில் சொன்னார். ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரிச் சிரித்ததை அவள் கண்டாள். விசா கிடைத்தது.

வரும்போது ஓட்டோவில் இவர் என்னைப் பார்க்காமல் சொன்னார், "நான் சொன்ன பொய் எல்லாத்தையும் என்ர வாயாலயே திருப்பிச் சொல்ல வச்சிட்டாள்."

5

இந்த நாட்டில் மற்றவர்களுடைய பிள்ளைகள் மெல்ல மெல்லத் தமிழை விட்டுப் போனார்கள். நத்தார் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து தாய்தகப்பனோடு நோர்வே மொழியில் சண்டை பிடித்தார்கள். என்னுடைய பிள்ளை அந்தக் கசற்றுத் தமிழை விட்டு ஒரு அடி நகரவில்லை. அவள் போகிற பகல்நேர நிலையத்தில் வேலை செய்கிற வெள்ளையர்களுக்குக்கூட, "யோசிக்காத" என்ற சொல் பாடம். ஆராவது கவலையாக இருந்தால் அவர்களும் அதையே சொல்லிக்கொள்கிறார்களாம்.

ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு இவர் அபிக்கு எதிரில் இருந்து கசற்றைச் சொல்லவேண்டும். சொன்னால்தான் சோற்றுக் கோப்பையில் கை வைப்பாள். வேலைத்தலத்தில் அவமானப்பட்டு வந்த நாளும் சொல்லவேண்டும், தாய் செத்த செய்தி வந்த அன்றும், "நான் சுகமா இருக்கிறன்," என்று சொல்லவேண்டும். என்னோடு சண்டை பிடித்த நாளில், "மனோ, நீ ஒண்டுக்கும் யோசிக்காத," என்று வருகிற இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

புருஷன் பெண்சாதிக்குள் ஒரு பேச்சு இருக்கவேண்டாமா? எங்களுக்குள் இருந்ததெல்லாம், அபிக்கு மருந்து வாங்கியாச்சா, நகரசபைக் கூட்டத்துக்கு ஆர் போறது, கதவைப் பூட்டியாச்சா. அவர் பகல் வேலை, நான் பின்னேர வேலை, ஆராவது ஒருவர் அபியோடு நிற்கவேண்டும். ஒரு கல்யாண வீட்டுக்குக்கூட இரண்டு பேரும் சேர்ந்து போனதில்லை. சனம் எங்களைத் தனித்தனியாகத்தான் கண்டது. பிரிந்துவிட்டார்கள் என்றும் கதை கட்டினார்கள்.

ஒரு குளிர்காலம் உண்மையாகவே பிரிந்தோம். "இந்த வீட்டில எனக்கு முதலே ஒருத்தன் வந்து குந்தியிட்டான்," என்றார். "அவனைத்தான் அவளுக்குப் பிடிக்கும். உனக்கும் அவனைத்தான் பிடிக்கும். நான் அவனுக்கு வாய் குடுக்கிற ஆள்." சிநேகிதன் ஒருவருடைய நிலவறைக்குப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பொய் என்று கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

அவர் இல்லாத நாட்களில் வீட்டில் அவருடைய குரல் குறையவில்லை. அதுதான் மோசம். உடுப்பு மடிக்கும்போது பின்னாலிருந்து இருமல் கேட்கும். திரும்பினால் அபி நிற்பாள். பனி உருகமுதல் அவராகவே திரும்பி வந்தார். "அங்க ஒருத்தரும் என்னோட கதைக்கேல்லை. இஞ்ச எண்டால் நான் கதைக்கிறதாவது கேக்கும்," என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினார். நான் தேத்தண்ணி போட்டுக் குடுத்தேன். அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

6

பாரிசவாதம் அவருடைய வலக்கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண் படங்களைக் காட்டி, தண்ணீர், வீடு, நாய் என்று பழக்குகிறாள். இவர் வாயில், "ம்... ஆ..." என்று ஈரமாக ஒரு மூச்சும் ஒரு விழுங்கலும்தான் வரும்.

அபி ஒவ்வொரு இரவும் மேசையில் இவருக்கு எதிரில் வந்து இருந்தாள். இவர் சொல்லவில்லை. தானே தொடங்கி, இவர் சொல்லவேண்டிய இடம் வந்ததும் நிறுத்தினாள். இவர் அவளைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைப்பார், ஒன்றும் வராது. அவள் கோப்பையைத் தள்ளிவிட்டுப் போய்விடுவாள். அவருடைய இடத்தில் நான் சொல்லிப் பார்த்தேன். என்னுடைய வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். உடம்பு இளைத்து, கன்னம் ஒட்டிப்போனது.

நகரசபைக்காரர் கூட்டம் வைத்தார்கள். இரண்டு பேரையும் நான் தனியப் பார்க்க முடியாது, அபியை ஆட்கள் நிற்கிற ஒரு விடுதிக்கு மாற்றலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். இவர் கேட்டுக்கொண்டிருந்தார். இயங்குகிற பக்கத்துக் கண்ணால் மட்டும் தண்ணீர் ஓடியது. கடைசிவரைக்கும் தான் ஆர் என்று மகளுக்குத் தெரியாமலே போகப்போகிறது என்றுதான் அழுகிறார் என்று எனக்குத் தெரியும். என்னாலும் தாங்க முடியவில்லை.

கல்யாண நாளன்று அந்தத் தாதிப் பெண் போன பிறகு நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றேன். அபியின் அறையிலிருந்து இவர், "ம்... ஆ..." என்று கூப்பிடுவது கேட்டது. தன்பாட்டில் எழும்பிப் போய் விழுந்துவிட்டாரோ என்று கையும் துடைக்காமல் ஓடினேன்.

இவர் எழும்பவுமில்லை, விழவுமில்லை. முன்னறை யன்னலடிக் கதிரையில் அப்படியே இருந்தார், வாயை மூடிக்கொண்டு. அபியின் அறைக்குள்ளிருந்து திரும்பவும் அந்தச் சத்தம் வந்தது. அதே ஈரம், அதே மூச்சு, அதே விழுங்கல்.

அபி கட்டிலில் இருந்தாள். வாயின் ஒரு பக்கம் கீழே இழுபட்டிருந்தது. வலக்கை மடியில் செத்துக் கிடந்தது. ஐயோ, இவளுக்கும் வந்துவிட்டதா என்று கட்டிலடியில் போய்க் குனிந்தேன். அவளுடைய முகத்தில் இவருடைய முகம் இருந்தது. கசற்றில் வந்த அந்த இளந்தாரியுடைய சாயல் ஒரு துளியும் இல்லை. "அபி," என்றேன். அவள் எழும்பினாள். வலக்கால் நன்றாக ஊன்றியது. முகத்தை நேராக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனாள்.

போய் இவருக்கு எதிரில் நிலத்தில் இருந்து, "ம்... ஆ..." என்றாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள். காதைப் பொத்தவில்லை. இவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

இவர் இடக்கையால் கதிரையைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தார். பிறகு, "ம்... ஆ..." என்றார்.

அவள் திரும்பச் சொன்னாள். இவரும் சொன்னார். நான் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து அவளுடைய கையில் குடுத்தேன். அள்ளிச் சாப்பிட்டாள்.

இவர் இடக்கையால் என்னுடைய சுவெட்டரைப் பிடித்து இழுத்தார். அவளைக் காட்டினார், தன்னுடைய நெஞ்சைக் காட்டினார். திரும்பவும் அவளை, திரும்பவும் நெஞ்சை. உண்மையோ என்று கேட்கிறார்.

"ஓமப்பா," என்றேன். "உங்களைத்தான் கூப்பிடுறாள்."